திங்கட்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஆன கதை

காகிதத்தில் ஒரு பெயர் அரை அங்குலம் தள்ளி விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டேன். பங்காருப்பேட்டைப் பக்கமிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகும் நம்மவர்கள் ஏழெட்டுப் பேர் கொண்டு போன ஒரு மனு, அந்த அரை அங்குலத்தால் ஒரே நிமிடத்தில் கவிழ்ந்தது.

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. அதற்குப் பிறகு அந்த ஊர்த் தமிழர் குடும்பங்களில் பாதிக்கு மேல் உலை வைப்பது ரெயிலை நம்பித்தான் என்று சொன்னால் அங்குள்ளவர்கள் மறுக்க மாட்டார்கள். விடியுமுன் எழுந்து, டிபன் கேரியரைக் கட்டிக்கொண்டு, சுமார் 70 கிலோமீட்டர் வந்து, இரவில் திரும்புகிறவர்கள். கட்டடக் கூலி, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கடைச் சிப்பந்தி, ஆபீஸ் குமாஸ்தா என்று எல்லாரும் அதில் உண்டு.

அவர்கள் கேட்டது பெரிய விஷயமில்லை. திங்கட்கிழமை காலையில் மட்டும் கூடுதலாக ஒரு பெட்டி. காரணமும் எளிது. அன்றாடம் வருகிறவர்களோடு, சனி ஞாயிறு ஊருக்குப் போனவர்களும் அன்று காலையில்தான் திரும்புகிறார்கள். கால் வைக்க இடமில்லாமல் வண்டியை விட்டுவிட்டு நிற்கும் பெண்களுக்கு அரை நாள் கூலி போகிறது.

வாய்ப் பேச்சு எடுபடாது என்று நான்கு வாரம் ஒரு பெட்டியில் நின்றுகொண்டு வருகிறவர்களை நாள்தோறும் எண்ணினார்கள். சாப்ட்வேர் கம்பெனி ஒன்றில் கான்டிராக்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, ஏழு நாளுக்கு ஏழு தூண்களாகப் படம் எடுத்து வந்தான். அதிகாரிக்குப் புரிய வேண்டுமே என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தான். நான் ரெயில்வே ஊழியன் என்பதால் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. செய்தி எழுதலாம் என்று கூடப் போனேன்.

அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமைதானே கூட்டம் அதிகம்? அன்று கல்யாணம் காட்சிக்குப் போகிறவர்கள் வருவார்கள். வேலைக்குப் போகிற உங்களுக்கு அதில் என்ன கஷ்டம்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்தவர்களில் மூத்த அம்மாள் ஒருவர்தான் வாய் திறந்தார். "ஐயா, ஞாயிற்றுக்கிழமை நாங்க வண்டியே ஏற மாட்டோமே" என்றார்.

"உங்கள் பேப்பரே சொல்கிறதே, அம்மா" என்று அவர் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பார்த்தோம். உயரமான தூணின் அடியில் 'சண்டே' என்றுதான் இருந்தது.

தவறு யாருடையது?

கணக்கில் தவறில்லை. தூணின் உயரத்திலும் தவறில்லை. ஏழு பெயர்களும் வரிசையாகத்தான் இருந்தன. நடந்தது இதுதான். பெரியவர்களுக்கும் கண் தெரிய வேண்டும் என்று தம்பி எழுத்தைப் பெரிதாக்கியிருந்தான். பெரிதாக்கியதும் பெயர்கள் ஒன்றையொன்று இடித்தன. இடிக்காமலிருக்க அவற்றை 45 டிகிரி சாய்த்தான். சாய்த்த பெயரின் நடுப்பகுதி தூணுக்கு நேர் கீழே நின்றது. ஆனால் பெயரின் வால் மேலே ஏறி, வலது பக்கம் நகர்ந்து, அடுத்த தூணின் காலைப் போய்த் தொட்டது.

படிக்கிறவன் கண் எழுத்தோடு ஓடி, எழுத்து முடிகிற இடத்தில் உள்ள தூணைத்தான் பிடிக்கும். ஆகவே 'சண்டே' என்ற பெயர் திங்கட்கிழமைத் தூணுக்குப் போய்விட்டது. முதல் தூணுக்குப் பெயரே இல்லாதது போலவும், சனிக்கிழமையின் வால் கடைசித் தூணையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது போலவும் இருந்தது. பத்து தடவை பார்த்த எங்கள் கண்ணில் அது படவில்லை. எங்களுக்குத்தான் விடை முன்பே தெரியுமே! முதல் தடவை பார்த்த அதிகாரி கண் சொன்னதைப் படித்தார். அவர் மேல் குற்றம் சொல்ல வழியில்லை.

"அடுத்த வாரம் சரியாகப் போட்டு வருகிறோம், சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். தம்பியின் முகம் செத்துப் போயிருந்தது. அவனை அழைத்துக்கொண்டு நான் நேரே அல்சூருக்குப் போனேன். அங்கே ஓய்வு பெற்ற செக்ஷன் கண்ட்ரோலர் ஒருவர் இருக்கிறார். காகிதத்தில் பெயர் எழுதுவதையே உயிர் காக்கும் வேலையாகச் செய்தவர் அவர்.

கண்ட்ரோல் ஆபீஸ் காகிதம்

ரெயில் ஓடுவதைப் பயணிகள் ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். கண்ட்ரோலர் அதைக் காகிதத்தில் பார்க்கிறார். அந்தக் காகிதத்துக்கு சார்ட் என்று பெயர். மேலே இடமிருந்து வலமாக மணி, நிமிடம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்ந்த கோடு. கோடு செங்குத்தாக இருந்தால் வண்டி வேகம். படுத்திருந்தால் வண்டி நிற்கிறது என்று பொருள். ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் ஸ்டேஷனில்தான் சந்திக்கலாம். நடுவழியில் சந்தித்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

முன்பு ஸ்டேஷன் மாஸ்டர்கள் டெலிபோனில் நேரம் சொல்லச் சொல்ல, கண்ட்ரோலர் ஸ்கேலும் பென்சிலுமாக இந்தக் கோடுகளைக் கையால் இழுத்தார். இப்போது அதைக் கம்ப்யூட்டர் திரையில் வரைகிறது. ரெயில்வேயின் கம்ப்யூட்டர் அமைப்பான கிரிஸ் 1986-ல் தொடங்கப்பட்டது. அது செய்து கொடுத்த 'கண்ட்ரோல் ஆபீஸ் அப்ளிகேஷன்' என்ற முறைதான் இந்த வேலையைப் பார்க்கிறது.

"கோடு இழுப்பது பெரிய வித்தையில்லை, தம்பி. பெயர் எழுதுவதுதான் வித்தை" என்றார் பெரியவர். ஒரு தாளை எடுத்து எங்கள் ஜோலார்பேட்டை லைனையே வரைந்து காட்டினார். 1864-ல் கண்டோன்மென்ட் வரை ரெயில் வந்த அதே லைன்தான்.

ஸ்டேஷன்களை உண்மையான தூரத்துக்கு ஏற்பத்தான் இடைவெளி விட்டு எழுத வேண்டும். இல்லாவிட்டால் கோட்டின் சாய்வு வேகத்தைக் காட்டாது. ஆனால் சிட்டி, கண்டோன்மென்ட், ஈஸ்ட், பையப்பனஹள்ளி ஆகிய நான்கும் சில கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அதைத் தாண்டினால் ஒயிட்பீல்டு, மாலூர், டேக்கல், பங்காருப்பேட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட இடம் கிடைக்கிறது. ஜோலார்பேட்டை வரை சுமார் 145 கிலோமீட்டரை ஒரு தாளில் அடக்கினால், சிட்டிப் பக்கத்துப் பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

"அப்படியானால் என்ன செய்தீர்கள், சார்?" என்று தம்பி கேட்டான்.

"ஸ்டேஷனை நகர்த்தக் கூடாது. பெயரைத்தான் நகர்த்தலாம்" என்றார் அவர். ஒரு பெயரை உள்ளேயும் அடுத்ததை வெளியேயும் மாற்றி மாற்றி எழுதலாம். பெயரைத் தள்ளி எழுதி, அதன் இடத்துக்கு ஒரு மெல்லிய கோடு இழுக்கலாம். அல்லது முழுப் பெயரை விட்டுக் குறியீட்டை எழுதலாம். சிட்டிக்கு எஸ்.பி.சி., கண்டோன்மென்டுக்கு பி.என்.சி., கிருஷ்ணராஜபுரத்துக்குக் கே.ஜே.எம்., பங்காருப்பேட்டைக்கு பி.டபிள்யூ.டி. பங்காருப்பேட்டையில் டபிள்யூ எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: அந்த ஊரின் பழைய பெயர் பவுரிங்பேட்டை. சிட்டி ஸ்டேஷனுக்கு 2016-ல் கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணாவின் பெயர் வைக்கப்பட்டது. பெயர் நீண்டாலும் மூன்றெழுத்துக் குறியீடு அப்படியே இருக்கிறது. சார்ட்டில் இடமும் மிச்சம்.

இருநூறு ஆண்டுப் பாடம்

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததல்ல. வில்லியம் பிளேபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786-ல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கைக் கோடுகளாக வரைந்து காட்டிய புத்தகம் அது. அதில் அவர் பெயர்களை ஒரு மூலையில் பட்டியல் போட்டு வைக்கவில்லை. 'இறக்குமதிக் கோடு', 'ஏற்றுமதிக் கோடு' என்று அந்தந்தக் கோட்டை ஒட்டி, அது வளையும் போக்கிலேயே எழுதினார். பார்ப்பவன் மூலைக்கும் கோட்டுக்குமாகக் கண்ணை ஓட்ட வேண்டியதில்லை.

எங்கள் சார்ட்டுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பாரிஸ் நகரத்திலிருந்து லியோன் நகரம் வரை ஓடிய ரெயில்களைச் சாய்ந்த கோடுகளாகக் காட்டும் படம் ஒன்றை, மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1885-ல் தம் புத்தகத்தில் வெளியிட்டார். அந்த முறையைக் கண்டவர் இப்ரி என்ற எஞ்சினியர் என்று சொல்லப்படுகிறது. அதிலும் ஊர்களின் பெயர்கள் தூரத்துக்கு ஏற்ற இடைவெளியில்தான் நிற்கின்றன.

அவர்கள் எல்லாம் கையால் எழுதினார்கள். இடிக்கிறது என்று கண்டால் கை தானே ஒதுங்கும். கம்ப்யூட்டருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. சொன்ன இடத்தில் எழுதும். அங்கே வேறு எழுத்து இருந்தால் அதன் மேலேயே எழுதும்.

பெட்டி எண்ணும் பிளாட்பாரப் பலகையும்

தம்பி உபயோகித்தது 'மேட்பிளாட்லிப்' என்ற இலவச மென்பொருள். ஜான் ஹண்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 2003-ல் வெளியிட்டது. 2012-ல் அவர் காலமான பிறகும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். இருந்தாலும் தம்பி விளக்கியதை ரெயில் பாஷையில் மாற்றிக்கொண்டேன். வாசகர்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு ஸ்டேஷனில் இரண்டு வகை எழுத்து இருக்கிறது. ஒன்று, பெட்டியின் மேல் எழுதிய எண். வண்டி நகர்ந்தால் அதுவும் நகரும். மற்றொன்று, பிளாட்பாரத்தில் நட்ட பெயர்ப் பலகை. எந்த வண்டி வந்தாலும் போனாலும் அது இருந்த இடத்தில் இருக்கும்.

படத்திலும் அப்படித்தான். ஒரு பெயரைக் கணக்கோடு கட்டலாம். 'திங்கட்கிழமை, இத்தனை பேர்' என்ற புள்ளியில் எழுது என்றால், நாளைக்குக் கணக்கு மாறும்போது பெயரும் தூணோடு ஏறி இறங்கும். தூணின் தலையில் எண் எழுத இது சரி. மற்றொன்று, பெயரைச் சட்டத்தோடு கட்டுவது. அதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். சட்டத்தின் இடது கீழ் மூலை 0, 0. வலது மேல் மூலை 1, 1. நட்ட நடு 0.5, 0.5. தலைப்பையும் குறிப்பையும் இந்த அளவில் கட்டினால், உள்ளே கணக்கு எப்படி மாறினாலும் அவை அசையா.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். தலைப்பைக் கணக்கோடு கட்டிவிடுவார்கள். இந்த மாதம் அழகாக இருக்கும். அடுத்த மாதம் தூண் உயர்ந்ததும் தலைப்பின் வயிற்றில் குத்தும். பெட்டியில் எழுத வேண்டியதைப் பிளாட்பாரத்திலும், பிளாட்பாரத்தில் எழுத வேண்டியதைப் பெட்டியிலும் எழுதினால் பயணி என்ன பாடுபடுவான்?

பிடி எங்கே?

இடம் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அந்த இடத்தில் எழுத்தின் எந்தப் பாகம் நிற்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். பலகையை ஆணியில் மாட்டும்போது, கயிறு பலகையின் நடுவில் இருக்கிறதா, இடது ஓரத்திலா, வலது ஓரத்திலா என்பது போல. ஆணி ஒன்றுதான். பிடி மாறினால் பலகை நிற்கும் இடமே மாறிவிடும்.

படுத்த எழுத்துக்கு நடுப்பிடி சரி. சாய்ந்த எழுத்துக்கு நடுப்பிடி ஆகாது. இதுதான் எங்கள் மனுவைக் கவிழ்த்த ஆணி. சாய்த்த பெயருக்கு வலது ஓரத்தைப் பிடியாகக் கொடுத்தால், வால் நேரே தன் தூணின் அடியில் வந்து நிற்கும். தலை இடது பக்கம் கீழே தொங்கும். தம்பி சேர்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்: 'ரைட்'.

"ஒரே வார்த்தையா, அண்ணா!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

பெரியவர் சிரித்தார். "ஒரே வார்த்தை இல்லை, தம்பி. சாய்க்காமலே இருந்திருக்கலாம். தூண்களைப் படுக்கப் போடு. பெயர்கள் இடது பக்கம் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கட்டும். எவனும் கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டாம்" என்றார். சார்ட்டில் ஸ்டேஷன் பெயர்களைப் பார்த்துப் பழகிய கண் அது.

படுக்கப் போட்டதில் இன்னொரு வம்பு வந்தது. இடது ஓரத்தில் நீளமான பெயர்களின் முதல் எழுத்து அறுபட்டுப் போயிற்று. படம் திரையில் முழுதாகத் தெரிந்தாலும், கோப்பாகச் சேமிக்கும்போது ஓரம் வெட்டுப்படும். அதற்கும் வழி இருக்கிறது. எழுத்தை அளந்து ஓரத்தைத் தானே ஒதுக்கிக்கொள்ளும்படி அந்த மென்பொருளிடமே சொல்லலாம். ஆனால் சொல்ல வேண்டும். சொல்லாததை அது செய்யாது.

தலைப்பு என்ற பொறுப்பு

தம்பி முதலில் வைத்த தலைப்பு 'பயணிகள் எண்ணிக்கை'. அது பெயர்தான், செய்தியில்லை. நம் பத்திரிகையில் 'ஒரு சம்பவம்' என்று தலைப்புப் போட்டால் யார் படிப்பார்கள்? "நீ என்ன சொல்ல வந்தாயோ அதைத் தலைப்பில் எழுது" என்றேன். இது ஒன்றுதான் நான் கற்றுக்கொடுத்தது.

'திங்கட்கிழமை காலையில்தான் நெரிசல் அதிகம்' என்று மாற்றினோம். இந்தத் தலைப்பு முதல் படத்தில் இருந்திருந்தால், பெயர் இடம் மாறி விழுந்தபோதும் அதிகாரி ஒரு கணம் நின்று, 'தலைப்பு ஒன்று சொல்கிறது, தூண் ஒன்று சொல்கிறதே' என்று கேட்டிருப்பார். தலைப்பும் அடிப்பெயரும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஒரு சாட்சி தடுமாறினால் மற்றது காப்பாற்றும்.

தலைப்பின் இடமும் முக்கியம். சட்டத்துக்கு வெளியே, மேலே. படத்தின் மேல் ஏறக் கூடாது. ஒட்டியும் இருக்கக் கூடாது, விலகிப் போய்விடவும் கூடாது. இந்த இடைவெளியைப் பாயின்ட் என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு அங்குலத்துக்கு 72 பாயின்ட். அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர்களுக்குப் பழைய சிநேகிதன். நீளமான தலைப்பானால் இரண்டு வரியாக உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் யார் எண்ணியது, எத்தனை வாரம், எந்தப் பெட்டி என்பதைச் சேர்த்தோம். எண்ணத்தான் நான்கு வாரம் நின்றார்களே, அதைச் சொல்ல ஒரு வரி இடம் வேண்டாமா?

கட்டம் கட்டமாய் வந்த தமிழ்

வண்டியில் எல்லாரிடமும் காட்ட ஒரு தமிழ்ப் படமும், உடன் வரும் கன்னட நண்பர்களுக்கு ஒரு கன்னடப் படமும் வேண்டும் என்று முடிவாயிற்று. தம்பி தமிழில் பெயர்களைக் கொடுத்தான். படத்தில் ஏழு தூணுக்கும் கீழே வெறும் கட்டங்கள் வந்தன! கம்ப்யூட்டர் வைத்திருந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. இல்லாத எழுத்துக்குக் கட்டம் போடுவது அதன் வழக்கம்.

தமிழ் எழுத்துருவைக் கொடுத்தான். எழுத்து வந்தது. ஆனால் செவ்வாயிலும் வெள்ளியிலும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ஞாயிறிலும் புதனிலும் உகரம் தனியே பிரிந்து கிடந்தது. காரணம் இது: கம்ப்யூட்டர் நினைவில் 'செ' என்பது முதலில் 'ச', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் இருக்கிறது. எழுதும்போது கொம்பை முன்னால் கொண்டு வருவது தனி வேலை. அந்த வேலை தெரியாத அமைப்பில் படம் எடுத்தால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதல் வகுப்புப் பையன் கையெழுத்துப் போல வரும்.

கன்னடத்துக்கும் அதே கதி. அவர்கள் வெள்ளிக்கிழமையை 'சுக்ரவார' என்பார்கள். அதில் கூட்டெழுத்தின் ஒத்து கீழே தொங்க வேண்டும். அது பிரிந்து பக்கத்தில் வந்து நின்றது. ஆங்கிலம் மட்டும் சுகமாக உட்கார்ந்திருந்தது. கடைசியில் எழுத்துக் கோர்வை தெரிந்த வேறு துணை மென்பொருளைச் சேர்த்து இரண்டையும் சரி செய்தான். நான் சொல்ல வருவது இதுதான்: நம் மொழியில் படம் போடுகிறவர்கள் அச்செடுக்குமுன் கொம்பையும் சுழியையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

பெரிய மூளைகளையும் ஆட்டிய கணக்கு

கம்ப்யூட்டரே நல்ல இடம் பார்த்துப் பெயர்களை வைத்துவிடாதா என்று கேட்டேன். அது கொஞ்சம் செய்கிறது. முழுதாகச் செய்வது கடினம்.

சுவிட்சர்லாந்தில் எட்வர்ட் இம்ஹோப் என்ற பூகோளப் படப் பேராசிரியர் இருந்தார். படத்தில் ஊர்ப் பெயரை எங்கே எழுதுவது என்று 1962-ல் ஒரு கட்டுரையே எழுதினார். புள்ளிக்கு வலது பக்கம், சற்று மேலே எழுதுவது மேல். ஆற்றின் பெயர் ஆற்றின் போக்கிலேயே வளைய வேண்டும். கடற்கரை ஊரின் பெயரைக் கடல் பக்கம் எழுதலாம். எந்தப் பெயர் எந்தப் புள்ளிக்கு என்பதில் சந்தேகமே வரக் கூடாது. இப்படி அனுபவத்தில் கண்டதை விதிகளாக்கினார்.

விதிகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்பிக்கப் போனபோதுதான் கஷ்டம் தெரிந்தது. 20 ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் 4 இடங்களில் எங்கே வேண்டுமானாலும் பெயர் எழுதலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை வகையில் எழுதலாம்? ஒரு லட்சம் கோடிக்கும் மேல்! ஒரு பெயரை நகர்த்தினால் பக்கத்துப் பெயர் இடிக்கும். அதை நகர்த்தினால் அடுத்தது. திங்கட்கிழமை வண்டி மாதிரிதான். எல்லாப் புள்ளிகளுக்கும் இடிக்காமல் பெயர் வைப்பது, சுருக்கு வழி எதுவும் அறியப்படாத கடினக் கணக்குகளின் ஜாதியைச் சேர்ந்தது என்று 1991-ல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள்.

ஆகவே முழுச் சரிக்குப் பதிலாக, ஏறக்குறைய சரியைத் தேடுகிறார்கள். அதில் ஒரு முறைக்கு உலோகத்தைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டுப் பதப்படுத்தும் வேலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். முதலில் பெயர்களைத் தாராளமாக இங்குமங்கும் தள்ளிப் பார்ப்பது. சில சமயம் மோசமானாலும் பொறுத்துக்கொள்வது. சூடு ஆற ஆற, நல்ல மாற்றத்தை மட்டும் ஏற்பது. பல முறைகளை ஒப்பிட்டு 1995-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இதுவே நன்றாக வேலை செய்தது. பட்டறையில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு இந்தத் தத்துவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நமக்கு எதற்கு?

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம் என்று விட முடியாது. இன்று சங்கத்துக் கணக்கு, சீட்டுக் கணக்கு, பள்ளிக்கூடத்து மார்க், ரேஷன், சம்பளம் என்று எதைக் கேட்டாலும் படமாகத்தான் நீட்டுகிறார்கள். ஆபீசில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் மாதம் ஒரு தடவையாவது அப்படி ஒன்றைத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் அனுபவத்தில் கண்ட நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

பெயர்களை முடிந்த மட்டும் படுக்கையாகவே எழுதுங்கள். சாய்க்கத்தான் வேண்டுமென்றால் வாலைத் தூணுக்கு நேராக நிறுத்துங்கள். கோடு இரண்டு மூன்றானால் பெயரை மூலையில் ஒதுக்காமல் கோட்டின் நுனியிலேயே எழுதுங்கள். தலைப்பில் செய்தியைச் சொல்லுங்கள். நான்காவது முக்கியம்: அச்செடுத்த காகிதத்தை, கணக்கே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இதில் என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் உங்கள் படம். நீங்கள் மனதில் நினைத்தது அல்ல.

இரண்டாம் படத்தை நாங்கள் அந்த மூத்த அம்மாளிடம்தான் முதலில் கொடுத்தோம். அவருக்கு ஆங்கிலம் வராது. தமிழ்ப் படத்தைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, நீளமான தூணின் மேல் விரலை வைத்தார். விரலை இடது பக்கமாக ஓட்டிக்கொண்டு போய்ப் பெயரில் நிறுத்தினார்.

"திங்கட்கிழமை" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு நிமிர்ந்து தம்பியைப் பார்த்து, "இது நம்ம கூட்டம்டா, கண்ணு" என்றார்.

அடுத்த வாரம் அதே அதிகாரியிடம் போனோம். இந்தத் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தார், தலைப்பைப் படித்தார், மனுவின் ஓரத்தில் கன்னடத்தில் ஏதோ குறித்தார். எட்டிப் பார்த்தேன். 'சோமவார' என்று எழுதியிருந்தது. சோமவாரம் என்றால் திங்கட்கிழமை.

கூடுதல் பெட்டி இன்னும் வரவில்லை. வருமா வராதா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மேலே போன காகிதத்தில் கிழமை சரியாக இருக்கிறது.